குட்டி இளவரசனின் விமானம் இல்லைங்க இது, இருந்தாலும் வாங்கலாம்

கோவை ஆவாரம்பாளையம் பக்கம் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் (உலோகம் ஊற்றும் அச்சுக்கான மர மாதிரி) செய்து தரும் ஒரு சின்னப் பட்டறை, வேலை குறைந்த மாதங்களில் ஒரு விமான மாடல் கிட் போட ஆரம்பித்திருக்கிறது. பெட்டியின் மேல் ‘குட்டி இளவரசனின் விமானம்’ என்று கொட்டை எழுத்து. உள்ளே இருப்பது இரட்டை என்ஜினும் இரட்டை வால்தண்டும் கொண்ட லாக்ஹீட் எஃப்-5பி என்ற, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க உளவு விமானம். விலை 4,200 ரூபாய், கூரியர் தனி. அளவு 1:32. முடித்து வைத்தால் இறக்கை நுனிக்கு நுனி 49.5 செ.மீ., நீளம் 36 செ.மீ. மூன்று பெட்டிகளைப் பிரித்து, இரண்டை முழுசாகக் கட்டி முடித்த பிறகு எழுதுவது இது.

முதலில் பெயர்த் தகராறைத் தீர்த்துவிடலாம். பிரெஞ்சு விமானியும் எழுத்தாளருமான ஆந்த்வான் து சேந்த்-எக்சுபெரி ‘குட்டி இளவரசன்’ கதையை எழுதியது அமெரிக்காவில் இருந்தபோது. 1943 ஏப்ரலில் நியூயார்க்கில் புத்தகம் வெளிவந்தது. இந்த வகை விமானத்தில் அவர் ஏறியதே அதற்குப் பிறகுதான். கதையில் பாலைவனத்தில் பழுதாகி நிற்கும் விமானத்துக்கு என்ஜின் ஒன்றே ஒன்று. அதற்குப் பின்னால் இருக்கும் நிஜ விமானம் கோத்ரோன் சிமூன். பாரிஸிலிருந்து சைகோனுக்கு யார் குறைந்த நேரத்தில் பறப்பது என்ற போட்டியில், 1935 டிசம்பர் 30 விடிவதற்கு முன், 19 மணி 44 நிமிடம் பறந்த பிறகு, எகிப்துப் பக்கத்துப் பாலைவனத்தில் அதைக் கொண்டுபோய் மோதினார். கூட இருந்தவர் மெக்கானிக் ஆந்த்ரே ப்ரெவோ. கைவசம் கொஞ்சம் காபி, கொஞ்சம் ஒயின், சில பழங்கள், அவ்வளவுதான். பாராசூட் துணியை விரித்துப் பனித்துளி பிடித்தார்கள். அதைக் குடித்ததும் வாந்திதான் மிச்சம். நான்காம் நாள் ஒரு பெதூயின் ஒட்டகக்காரர் கண்ணில் பட்டதால் பிழைத்தார்கள்.

பெட்டிக்குள் இருப்பது அந்த விமானம் இல்லை. 1944 ஜூலை 31 காலை கார்சிகா தீவின் போர்கோ தளத்திலிருந்து சேந்த்-எக்சுபெரி ஓட்டிக் கிளம்பித் திரும்பி வராத விமானம் இது. பட்டறைக்காரர் பிள்ளைகளைக் கவர ஒரு பெயர் தேடியிருக்கிறார், புரிகிறது. ஆனால் பெட்டியில் இரண்டு விமானமும் ஒன்றாகிவிட்டதால் உள்ளே வரும் விளக்கத்தாளிலும் குழப்பம் தொற்றியிருக்கிறது. கட்டும்போது அது கைவேலையில் வந்து நிற்கும். அதனால்தான் இதை முதலில் சொல்வது.

பெட்டியில் மொத்தம் 86 உருப்படி. நடுக்கூடு, இரண்டு வால்தண்டு, இறக்கைகள் எல்லாம் குமிழ் மரத்தில் ரவுட்டரில் கடைந்தவை. வால் பலகைகள் ஒன்றரை மி.மீ. பிளைவுட். மூக்கு அலுமினிய வார்ப்பு. சக்கரமும் கால்களும் வெள்ளை உலோகம். பித்தளையில் டர்போ (என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) வட்டுகள், கண்ணாடி மூடிக்கு அழுத்தி வடித்த பிளாஸ்டிக், ஒரு ஸ்டிக்கர் தாள், 32 பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்புப் புத்தகம். மர வேலை பிரமாதம். இறக்கையின் பின் விளிம்பு ஒரு மி.மீ.க்கும் கீழே இறங்கியும் பிசிறு இல்லை. ரேகை நீளவாக்கில் சரியாக ஓடுகிறது. பேட்டர்ன் போடுகிற கை என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்.

மூக்குதான் இந்தக் கிட்டின் ஜீவன், வம்பும் அங்கேதான். எஃப்-5பி என்பது பி-38 சண்டை விமானத்தின் ஜே வகையிலிருந்து வந்தது. சண்டை விமானமாக இருந்தால் மூக்கில் 20 மி.மீ. பீரங்கி ஒன்றும் 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி நான்கும் இருக்கும். எஃப்-5 வகையில் அத்தனையையும் கழற்றிவிட்டுக் கேமராக்களைப் பொருத்தினார்கள். எதிரி நாட்டுக்கு மேலே உயரத்தில் பறந்து படம் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். எதிரே யாராவது வந்தால் வேகத்தைக் கூட்டி ஓடுவது ஒன்றே வழி. வார்ப்பில் கேமரா ஜன்னல்களுக்குத் துளை சரியான இடத்தில் இருக்கிறது: கீழே பார்ப்பதற்கும் பக்கவாட்டில் பார்ப்பதற்கும். ஆனால் விளக்கத்தாள் ஏழாம் படியில் ‘துப்பாக்கிக் குழாய்களை மூக்கில் பொருத்தவும்’ என்கிறது. அதற்கென்று ஐந்து பித்தளைக் குழாய்களும் பையில் வருகின்றன. சண்டை விமானத்தின் படத்தைப் பார்த்து வரைந்த தாள். அந்த ஐந்தையும் தூக்கி ஓரமாக வையுங்கள். சூலூரில் தேஜஸ் பறப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் துப்பாக்கி இல்லாத போர் விமானமா என்று கேட்பார்கள்; அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலே சேந்த்-எக்சுபெரியின் கடைசி வருஷம் பாதி சொன்ன மாதிரி.

அடுத்து, மூக்கு மரக் கூட்டோடு சேரும் இடம். அங்கே கூட்டின் விட்டம் 32 மி.மீ.; வார்ப்பு அதைவிட 0.4 மி.மீ. சின்னது. விரலால் தடவினால் படி தட்டும். காரணம் லேசாகக் கண்டுபிடிக்கலாம்: அலுமினியம் உறைந்து ஆறும்போது சுமார் 1.3 சதவீதம் சுருங்கும். 32-க்கு அது 0.4 கணக்காக வந்து நிற்கிறது. பேட்டர்னில் சுருக்கத்துக்கு விட வேண்டிய அளவை விடவில்லை. தினமும் சுருக்க ஸ்கேலைக் கையில் வைத்திருப்பவர்களே சொந்த வேலையில் மறந்திருக்கிறார்கள் என்பது வேடிக்கைதான். மரத்தை அராவி வார்ப்புக்கு இறக்காதீர்கள், கூட்டின் வளைவு கெட்டுவிடும். மூக்கை அரால்டைட் போட்டு நடுவாக உட்காரவைத்து, மறுநாள் கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. பட்டியை (பள்ளம் நிரப்பும் பூச்சு) மெல்லிசாக இரண்டு தடவை இழுத்து, 320 உப்புத்தாளில் தண்ணீர் போடாமல் தேய்த்தால் படி மறையும். ஒரே தடவையில் கனமாக இழுத்தால் பட்டி காயும்போது வெடிக்கும். ஒரு வார்ப்பில் ரைசர் (ஊற்றும்போது கூடுதல் உலோகம் நிற்கும் தண்டு) வெட்டின தழும்பு அடிப்பக்கம் அப்படியே இருந்தது. அரத்தால் நாலு இழுப்பு போதும். ஜன்னல் துளைகளின் உட்பக்கத்துக்கு மூக்கை ஒட்டுவதற்கு முன்பே கறுப்பு அடித்துவிட வேண்டும். பிறகு அடிக்க வழியே கிடையாது, வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டே இருக்கும்.

இனி எடைக் கணக்கு. மூக்குச் சக்கரம் ஒன்றும் பின்னால் இரண்டுமாக மூன்று கால் வைத்த விமானம் இது. நீளமான வால்தண்டு இரண்டும் மரம். முன்னால் போதுமான எடை இல்லாவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வால் தரையில் உட்கார்ந்துவிடும். ‘அலுமினிய மூக்கே போதும்’ என்கிறது விளக்கத்தாள். போதாது. வார்ப்பு 56 கிராம்தான் இருக்கிறது. இதையே கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) ஊற்றியிருந்தால் மூன்று மடங்கு எடை வந்து பிரச்சினையே இருந்திருக்காது. பம்ப் இம்பெல்லர் ஊற்றுகிற ஊரில் கன்மெட்டலுக்கா பஞ்சம்?

சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. எதையும் ஒட்டுவதற்கு முன்னால் மொத்த விமானத்தையும் மாஸ்கிங் டேப்பில் கட்டி மூன்று காலில் நிறுத்துங்கள். வீல் அலைன்மென்ட் கடையில் கிடைக்கும் ஒட்டும் எடைத்துண்டுகள் ஐந்து கிராம் வீதம் இருக்கும். அவற்றை இரண்டு என்ஜின் கூடுகளின் முன்நுனியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மூக்குச் சக்கரம் தரையில் படிந்து நிற்கும். அதற்கு மேல் பத்து கிராம் கூட வைத்துக்கொள்ளுங்கள், பெயின்ட்டும் பட்டியும் வாலிலும் ஏறும். எடையை எங்கே புதைக்கப் போகிறோமோ அங்கேயே வைத்துத்தான் சோதிக்க வேண்டும். மூக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு என்ஜினில் புதைத்தால் கணக்கு இடிக்கும், ஏனென்றால் என்ஜின் நுனி பின்சக்கரங்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. அளவு தெரிந்ததும் ஒவ்வொரு என்ஜின் கூட்டிலும் முன்னாலிருந்து 10 மி.மீ. பிட்டில் 30 மி.மீ. ஆழம் துளைத்து, தூண்டில் ஈயக் குண்டுகளை அரால்டைட்டோடு குழைத்து அடைத்துவிடலாம். ஒரு கூட்டுக்கு 15 முதல் 20 கிராம் பிடிக்கும். ஒரு பெட்டிக்கு மொத்தம் 30, இன்னொன்றுக்கு 38 கிராம் தேவைப்பட்டது. மரத்துண்டுக்கு மரத்துண்டு எடை மாறுவதால் யார் சொல்லும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வால்தண்டுகள் இணையாக நிற்பது அடுத்த சோதனை. விளக்கத்தாள் முதலில் இறக்கையில் தண்டுகளை ஒட்டச் சொல்லி, காய்ந்த பிறகு வாலில் குறுக்குப் பலகையைச் சொருகச் சொல்கிறது. அப்படிச் செய்தால் தண்டுகள் பின்னால் இரண்டு மூன்று மி.மீ. விரிந்தோ குவிந்தோ போய்விடும். பலகையை இழுத்துப் பிடித்து ஒட்டினால் ஒரு வாரத்தில் மூட்டு விடும். இந்த வரிசையை மாற்றுங்கள். கண்ணாடித் தகடு அல்லது கிரானைட் துண்டு மேல் இறக்கையை வைத்து, தண்டுகளையும் குறுக்குப் பலகையையும் ஃபெவிகால் ஈரமாக இருக்கும்போதே ஒன்றாகச் சேர்த்து, முன்னாலும் பின்னாலும் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு வெர்னியரில் அளந்து, அளவு ஒன்றானதும் கிளாம்ப் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பாகங்களை அளவு பிசகாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு ‘ஜிக்’ கட்டையைப் பெட்டியில் சேர்த்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. பேட்டர்ன் கடைக்கு அது பத்து நிமிட வேலை.

புரொப்பல்லரைப் பெட்டி பிரித்ததும் சரிபாருங்கள். பி-38 குடும்பத்தில் இரண்டு புரொப்பல்லரும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் மேல் பிளேடுகள் இரண்டும் அவரை விட்டு வெளிப்பக்கமாகப் போகும். ஆகவே இடதும் வலதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். மூன்று பெட்டியில் ஒன்றில் இரண்டுமே இடது புரொப்பல்லராக இருந்தது. போன் செய்ததும் நாலு நாளில் மாற்றி அனுப்பினார்கள், அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

விமானி அறைக்குள் நேர்க்கம்பி இல்லாமல் அரைச் சக்கர வடிவில் திருப்புபிடி கொடுத்திருக்கிறார்கள், பி-38-க்கு அதுதான் சரி. விமானி பொம்மையைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒல்லியான இருபது வயசுப் பையன். சேந்த்-எக்சுபெரிக்கு அப்போது 44 வயது முடிந்து ஒரு மாதம். உயரமும் பருமனுமான ஆள். வயது வரம்பைத் தாண்டியவர். 1923-ல் லெ பூர்ஜேயில் விழுந்ததில் ஆரம்பித்து, 1933-ல் சேன்-ரஃபாயேலில் கடல் விமானத்தோடு முழுகி, 1938-ல் குவாத்தமாலாவில் எரிபொருள் பாரத்தோடு மேலேற முடியாமல் நொறுங்கி என்று உடம்பெல்லாம் பழைய அடி. பறக்கும் உடுப்பு போடவும் அந்தக் குறுகலான அறைக்குள் ஏறவும் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. எபாக்ஸி பட்டி கொஞ்சம் எடுத்து பொம்மையின் தோளையும் வயிற்றையும் பெருக்கி வையுங்கள். இடம் நெருக்கமாகத் தெரியும், தெரிய வேண்டும்.

மூக்குச் சக்கரக் கால் வெள்ளை உலோகத்தில் இருப்பதால் ஈயம் ஏறியதும் மெதுவாக வளையும். உள்ளே ஒரு மி.மீ. எஃகுக் கம்பி செருகினால் நிற்கும். (1943 ஆகஸ்ட் 1 அன்று துனீசியாவில் இறங்கும்போது ஓடுதளம் தாண்டி ஓடி விமானத்தைச் சேதப்படுத்தியதால்தான் அமெரிக்கர்கள் சேந்த்-எக்சுபெரியைப் பறக்க விடாமல் நிறுத்தினார்கள். மறு வருஷம் அமெரிக்க ஜெனரல் ஈக்கரைப் பார்த்து மன்றாடி ஐந்து பயணத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினார், ஐந்தோடு நிற்கவில்லை.)

பித்தளை டர்போ வட்டு இரண்டும் தண்டுகளின் மேல் உட்கார வேண்டும். ஒட்டுவதற்கு முன் அவற்றைச் சும்மா ஒரு தடவை கையில் வைத்துப் பாருங்கள். மார்செய் பக்கம் ரியூ தீவுக்கு அருகே 1998-ல் ஒரு மீனவர் வலையில் சேந்த்-எக்சுபெரியின் வெள்ளிக் கைச்சங்கிலி சிக்கியது. மனைவி கோன்சுவேலோவின் பெயரும் நியூயார்க் பதிப்பாளரின் முகவரியும் அதில் பொறித்திருந்தது. 2000-ல் முக்குளிப்பவர் ஒருவர் கடலடியில் உடைசல்களைக் கண்டார். 2003-ல் மேலே எடுத்ததில், டர்போ பகுதியைச் சேர்ந்த ஒரு தகட்டில் 2734 என்ற எண் கிடைத்தது. அது லாக்ஹீட் தொழிற்சாலை எண். ராணுவ எண் 42-68223-க்கு உரியது. 2004-ல் இது அவருடைய விமானம்தான் என்று உறுதியானது. மீட்ட துண்டுகள் இப்போது லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு ஊசியால் வட்டின் அடியில் 2734 என்று கீறி ஒட்டிவிட்டால் வெளியே தெரியாது, கட்டினவருக்கு மட்டும் தெரியும்.

ஸ்டிக்கர் தாளில் வாலுக்கு ‘42-68223’ என்று முழு எண் அச்சிட்டிருக்கிறார்கள். அமெரிக்க வழக்கப்படி வாலில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிடுவார்கள். ஆகவே 4-ஐயும் கோட்டையும் பிளேடால் வெட்டி எடுத்து 268223 என்று ஒட்டுங்கள்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் சாண்டிங் சீலர் இரண்டு பூச்சு, நடுவே 320 தாள். குமிழ் மரம் சாப்பாட்டு நேரத்துக்குள் முதல் பூச்சை உறிஞ்சிவிடும், இரண்டாவதைத் தவிர்க்க முடியாது. கோயம்புத்தூர், பொள்ளாச்சியில் ஆனி ஆடிக் காற்றில் மாடியில் ஸ்ப்ரே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் ஈரக்காற்றில் லாக்கர் வெள்ளை பூக்கும், தூசியும் சேர்ந்து ஒட்டும். கரூர், ஈரோட்டில் சித்திரை வெயிலுக்குப் பிரிப்பவர்கள் மரத்தைப் பெட்டியில் இருந்து எடுத்து மூன்று நாள் வீட்டுக்குள் காற்றாட வைத்த பிறகு ஒட்டினால் மூட்டு பிளக்காது. நிறம் மங்கலான நீலம். இந்த வேலைக்கு விட்ட எஃப்-5 விமானங்கள் பலவும் வானத்தோடு கலக்க நீலத்தில்தான் தொழிற்சாலையை விட்டு வந்தன. துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை விட நல்லது இல்லை, ஆனால் வெள்ளைத் துணியாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள், சாயத்துணி தின்னரில் நிறம் விடும். கண்ணாடி மூடியை ஃபெவிக்விக்கால் ஒட்டினால் ஆவி பட்டு உட்பக்கம் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிந்துவிடும்.

கடைசியாக அந்த 32 பக்கப் புத்தகம். தபால் விமான காலத்தை எழுதின பகுதி நன்றாகவே இருக்கிறது. 1926-ல் தூலூஸில் லாத்தெகோயர் கம்பெனியில் சேர்ந்தது, கண்டிப்பான மேலாளர் திதியே தோரா, தூலூஸ்–கசாபிளாங்கா–தக்கார் தடத்தில் பிரெகே 14 விமானங்கள், பாலைவனத்தில் ஒன்று இறங்கிவிட்டால் இன்னொன்று ஆளையும் தபாலையும் ஏற்றிக்கொள்வதற்காக ஜோடியாகப் பறந்தது, 1927-ல் கேப் ஜூபி என்ற கடலுக்கும் மணலுக்கும் நடுவே இருந்த தளத்துக்குப் பொறுப்பாளராகப் போய் ஒரு பாலைவன நரியை வளர்த்தது எல்லாம் சரியாக வந்திருக்கிறது. எழுத்தாளர் விமானம் ஓட்டினார் என்று இல்லாமல், தபால் சுமந்த ஒரு வேலைக்காரர் எழுதினார் என்று சொல்லியிருக்கும் விதம் பாராட்டத்தக்கது. 1931-ல் ஃபெமினா பரிசு வாங்கிய ‘இரவுப் பறத்தல்’ நாவலை அர்ஜென்டினா வேலையோடு சேர்த்துச் சொல்வதும் அந்த வகையில்தான்.

திருத்த வேண்டியவை இரண்டு இடம். 29-ம் பக்கம் ‘ஜெர்மானியர் சுட்டு வீழ்த்தினர்’ என்று அடித்துச் சொல்கிறது. 2008-ல் ஒரு முன்னாள் ஜெர்மன் விமானி தானே சுட்டதாகச் சொன்னார். அதை நிரூபிக்கும் பதிவு எதுவும் இல்லை. கடலிலிருந்து எடுத்தது விமானத்தின் சிறு பகுதி மட்டுமே, விழுந்த காரணத்தை அதிலிருந்து முடிவு செய்ய முடியவில்லை. மற்றது பெயர். அட்டையில் ஒரு மாதிரி, உள்ளே இரண்டு மாதிரி. இதற்காக ரொம்பவும் கோபித்துக்கொள்ள முடியாது: பிரான்ஸ் வங்கியே அவர் படம் போட்ட 50 ஃபிராங்க் நோட்டை முதலில் அச்சடித்தபோது எக்சுபெரியின் முதல் எழுத்து மேல் இல்லாத கோடு ஒன்றை ஏற்றிவிட்டு, பிறகு திருத்தியது. இதற்கிடையில் 1981-ல் க்ரியா வெளியிட்ட, வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய ‘குட்டி இளவரசன்’ பற்றி ஒரு வரி கூட இல்லாதது பெரிய குறை. பெயரை மட்டும் எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டார்கள்.

கட்டி முடிக்க மாலை வேளைகளில் இரண்டு வாரம் ஆகும், காயும் நேரம் சேர்த்து. எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் தனியாகக் கொடுக்க வேண்டாம், ஈயமும் பிளேடும் இருக்கிறது. ஆர்டர் சொல்லும்போது கண்ணாடி மூடி இரண்டாகக் கேட்டு வாங்குங்கள். விளிம்பு வெட்டும்போது முதல் மூடி பெரும்பாலும் விரிசல் விட்டுவிடும், கூடுதல் ஒன்றுக்கு 60 ரூபாய்தான் வாங்குகிறார்கள். புரொப்பல்லர் ஒன்று இடது, ஒன்று வலது என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.